கேஸ் போதாது

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் கீலும் விற்கும் கடையில்
பதினோரு வருடமாக நான் காசாளன்.
ஐயாயிரம் ரூபாய்த் தாளைப்
பெருவிரலால் ஒருமுறை தடவினால் தெரிந்துவிடும்.
சந்தேகமென்றால்
விளக்குக்கு நேரே பிடிப்பேன்,
உள்ளே குருவி இருக்கும்.

இந்தக் காசுக்குள் குருவி இல்லை.
தடவவும் எதுவுமில்லை.
நண்டு என்று பெயர்.
தேடினால் ஐந்து நண்டுகள் வந்தன,
ஒரே கொடுக்கு, ஒரே சிவப்பு.
எது அசல் என்று
நீண்ட முகவரியின் கடைசி நான்கு எழுத்துகளை
உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,
லொறி இலக்கம் ஒப்பிடுவதுபோல.

அதற்கு முன்னம் பணப்பை திறக்க வேண்டியிருந்தது.
திறந்ததும் பன்னிரண்டு சொற்கள் தந்தது.
தாளில் எழுது, எவருக்கும் காட்டாதே என்றது.
கைக்கு எட்டியது பில் புத்தகம்.
பன்னிரண்டாம் சொல்லை எழுதி முடித்த பிறகுதான்
கார்பன் தாள் ஞாபகம் வந்தது:
வெள்ளையில், மஞ்சளில், இளஞ்சிவப்பில்
என் இரகசியம் மூன்று பிரதிகளாய்.
மூன்றையும் கிழித்துச் சப்பாத்துக்குள் வைத்தேன்.
சனிக்கிழமை கணக்குப் பார்க்கையில் முதலாளி கேட்டார்,
“நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று எங்கே?”
“ரத்து” என்றேன்.
பதினோரு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்
என்று எழுத ஆசைதான்.
மூன்றாவது.

டொலர்க் காசு விற்றவர் இர்ஷாட்,
மருதானையில் போன் திருத்துபவராம்.
முன்பின் கண்டதில்லை.
அவர் கணக்குக்கு இருபத்தையாயிரம் போட்டுவிட்டுப்
பதினேழு நிமிடம் திரையையே பார்த்திருந்தேன்.
அதற்குள் இரண்டங்குல ஆணி வாங்கியவருக்கு
மூன்றங்குலத்துக்குப் பில் போட்டேன்.

வந்தது.
நண்டு வாங்கினேன்.
வைத்திருப்போர் பட்டியலில்
நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்.
அதில் ஒருவரிடம் மட்டும்
நூற்றுக்கு எழுபத்தெட்டு.
நூறாம் இலக்க பஸ்ஸில்
ஒரே ஆள் எல்லா இருக்கையிலும் கால் நீட்டிப் படுத்திருக்க
மிச்சப்பேர் மிதிபலகையில் தொங்குவதுபோல.
அவர் எந்தத் தரிப்பில் இறங்குவார்
என்பதுதான் விலை.

வாங்கின கையோடு கொஞ்சம் விற்றுப் பார்,
உள்ளே விட்டு வெளியே விடாத காசும் உண்டு
என்று சொல்லியிருந்தான்
மேல்மாடி விற்பனைப் பெடியன் ரொஷாந்தன்.
அவன் இப்போது பஸ்ஸில்தான் வருகிறான்,
பைக் போய்விட்டது.
பத்தில் ஒரு பங்கை விற்க அழுத்தினேன்.
திரை சொன்னது:
கேஸ் போதாது.

சிரித்துவிட்டேன்.
இரண்டாயிரத்து இருபத்திரண்டில்
வெறும் சிலிண்டரை
முன்னால் நின்றவரின் சிலிண்டரோடு சங்கிலியால் பிணைத்து
மூன்று நாள் வரிசையில் நின்றவன் நான்.
நாலாம் நாள் லொறி வந்தது.
எனக்கு ஆறு பேர் முன்னால் முடிந்துபோனது.
அன்றிரவு பாணும் சம்பலும்.
அடுப்பே இல்லாத இடத்திலும் இப்போது கேஸ்,
காசை அசைக்க இன்னொரு காசு,
அதற்கும் இர்ஷாட்.
அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது.
அதற்குள் நண்டு
ஏறியது, இறங்கியது,
பிறகு வெகுநேரம் பக்கவாட்டில் நடந்தது.

கடை பூட்டி பஸ் ஏறினேன்.
இருநூறு ரூபாய் கொடுத்தேன்.
சில்லறை இல்லையென்று
நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம்
நீலப் பேனையால் மிச்சத்தைக் கிறுக்கித் தந்தார்.
பம்பலப்பிட்டி கழிந்தபோது
என்னையறியாமல் அதை
விளக்குக்கு நேரே பிடித்திருந்தேன்.
இந்த பஸ்ஸுக்குள் மட்டும்,
இந்த மனிதர் இறங்கும்வரை மட்டும்
செல்லுபடியாகும் காசு.

வெள்ளவத்தைச் சந்தை வந்தது.
அவர் முன் கதவில், நான் பின் கதவில்,
நடுவில் வெள்ளிக்கிழமைச் சனம்.
இறங்கி நின்று
டிக்கெட்டை உயர்த்திக் காட்டினேன்.
பஸ் உறுமத் தொடங்கியது.