ஈரக் கழிவு

இலை ஆபீஸின் பழைய கணக்குப் புத்தகம்.
தேதி, பெயர், மொத்த எடை, ஈரக் கழிவு, நிகர எடை.
மீந்த பக்கங்களில் எழுதுகிறேன்
என் பதினான்கு வாரத்தை.
தேதி அப்படியே இருக்கட்டும்.
பெயருக்கான இடத்தில் கிரால், மல்லாந்து, கால் உதை மட்டும்.
மொத்த எடையில் மீட்டர்.
ஈரக் கழிவில் ஓய்வு, நொடிக் கணக்கு.
நிகர எடையில் என்ன போடுவதென்று
இன்னும் தெரியவில்லை.

கோத்தகிரி கிளப் குளத்தை வெட்டியவன்
கஜத்தில் யோசித்திருக்கிறான்.
நானும் ரெஜினாவும் டேப் பிடித்தோம்:
பதினெட்டு மீட்டர், ஒரு சாண், நாலு விரல்.
நானூறு வேண்டுமானால் இருபத்திரண்டு நீளம்,
இரண்டு மீட்டர் கொசுறு.
தூத்துக்குடியில் காத்திருக்கும் ஐயாயிரத்துக்கு
இருநூற்று எழுபத்துமூன்று நீளம் போய்
அப்புறமும் அரைவாசிக்குக் கொஞ்சம் குறைய.

செவ்வாய், தூரம்.
வியாழன், வேகம்:
ஒரு நீளம் உயிரைக் கொடுத்து,
ஒரு நீளம் சந்தையில் காய் பார்க்கிற மாதிரி.
நாலாவதிலேயே நெஞ்சு போதவில்லை.
ஆறாயிரம் அடி உயரம்.
கீழே இறங்கினால் காற்று கெட்டியாக இருக்கும் என்கிறாள் ரெஜினா.
வார்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றுகிறவள்
சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தினமும் காலையில்
உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறேன்,
நாக்காவது முன்கூட்டிக் கடலுக்குப் போகட்டும் என்று.

ஐந்தாம் வாரம்தான் உறைத்தது:
ஒவ்வொரு சுவரும் ஒரு லஞ்சம்.
காலால் உந்தினால் மூன்று மீட்டர் சும்மா கிடைக்கிறது.
பெருக்கிப் பார்த்தேன்.
எண்ணூறு மீட்டருக்குமேல்
நான் நீந்தவே இல்லை.
சிவப்பு மையில் எழுதினேன்:
சுவரைத் தொடாதே.
ஒரு கை இருக்கும்போதே திரும்பு.

ஞாயிறு, எஸ்டேட் தேக்கம்.
மேனேஜர் கடிதம், மூன்று கையெழுத்து,
லாரி டயரின் ட்யூப், கயிறு,
கரையில் போஜன்.
இலை லாரி ஓட்டுகிறவர்.
"எனக்கு நீச்சல் தெரியாது,
ஆனா நல்லா கத்துவேன்."

தண்ணீர் பதினைந்து டிகிரி.
முதல் நூறில் பல்லுக்குள் ஊசி,
அடியில் கறுப்புக்கோடு கிடையாது,
கறுப்பு மட்டும் உண்டு.
எட்டு வீச்சுக்கு ஒரு முறை தலை தூக்கி
அந்த உச்சி பட்டுப்போன சில்வர் ஓக்கைப் பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.
பார்த்தேன்.
அடுத்த எட்டில் மரம் இல்லை.
அதற்கடுத்த எட்டில் கரை இல்லை.
மஞ்சு இறங்கினால் இங்கே யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை.

நின்றேன். நிற்பது என்றால்
கீழே ஒன்றுமில்லாமல் கால்களைச் சுழற்றுவது.
திட்டத்தில் இதற்குக் கட்டம் போடவில்லை.

ஹாரன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
இடது சரிவிலிருந்து கேட்டது,
வலது சரிவிலிருந்தும்,
முதுகுக்குப் பின்னாலிருந்தும்.
மூன்று லாரி, மூன்று போஜன்.
எதை நோக்கிப் போவது?
அப்புறம் அவர் பொறுமையிழந்து
படுக மொழியில் திட்ட ஆரம்பித்தார்,
நிறுத்தாமல், மூச்சு விடாமல்.
திட்டு எதிரொலிக்கவில்லை.
அது ஒரே பக்கத்திலிருந்து வந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு நீந்தினேன்.

பிளாஸ்க் மூடியைத் திறக்க விரல்கள் வரவில்லை.
அவரே திறந்து ஊற்றினார், திட்டிக்கொண்டே.

இரவில் எழுதியது:
தூரம், தெரியாது. ஓய்வு, கேட்காதே.
ஒன்பதாம் வாரத்தில் புதிதாக ஒரு வரி:
கண்ணை மூடி ஆறு வீச்சு, திறந்து ஒன்று,
எவ்வளவு விலகினேன் என்று குறி.

திங்கள். மழை இலை.
லெட்சுமாயி மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு
என் பேனாவையே பார்க்கிறாள்.
"தண்ணிக்கு எத்தனை வெட்டப்போற?"
இந்த மாதிரி நாளில் நாலு கிலோ வழக்கம்.
அள்ளி, பிழிந்து பார்த்தேன்.
மூன்று என்று எழுதும்போது
பின்னலில் மிச்சமிருந்த தேக்கம்
ஒரு சொட்டு, அந்தக் கட்டத்திலேயே விழுந்தது.