கொப்பியின் பின்பக்கம்

முன்பக்கத்தில் நண்டு.
நீலக்கால் முப்பத்திரண்டு கிலோ, ஓரா பதினொன்றரை,
செபமாலை வள்ளம், கழிவு போக.
பாசையூர்ச் சங்கத்துக் கணக்கை
நான் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

கொப்பியைத் தலைகீழாய்த் திருப்பினால்
வெள்ளிமீன் விளையாட்டுக் கழகம்.
வானத்து மீனா வலைக்குள் மீனா
யாப்பை எழுதினவர்களுக்கும் தெரியாது.
சித்திரையில் தொடங்கிப் பதினொரு ஆட்டம்,
ஒன்பது வெற்றி, இரண்டு சமநிலை,
கூட்டிப் பார்க்கவே வாய் இனித்த பக்கம்.

பிறகு ஆடி.
ஐந்து ஆட்டம், ஒரு கோல்.
அதுவும் பெனால்ரி.

வருகிற சனி அரையிறுதி.
முந்திச் சேர்த்த புள்ளியில்தான் உள்ளே நிற்கிறோம்,
எடுத்த சீட்டுக்காசில்
இன்னும் மீன் பொரிக்கிற வீடு மாதிரி.

ஏலம் முடிந்தால் வழக்குத் தொடங்கும்.
சோளகம் விழுந்துபோச்சு, அதுதான் என்கிறார் யேசுராசா,
காற்று இருந்தமட்டும்
எங்கட கீப்பர் உதைச்ச பந்து
அவங்கட பெட்டிக்குள்ள போய் விழுந்தது.
ஐஸ் வண்டி மனோகரனுக்கு
ரொறன்ரோவில் இருந்து வந்த மஞ்சள் சேர்ட்டில் சந்தேகம்.
சேர்ட் அனுப்பினவருக்குக் கோச்சில் சந்தேகம்;
அங்கே பகல், இங்கே சாமம்,
குரல் செய்தி வந்துகொண்டே இருக்கும்.

ஒன்பது நாள் வெறும் வலை இழுத்தவன்
பத்தாம் நாளும் இரண்டு மணிக்கு எழும்பிப் போகிறான்.
அதை யாரும் சரிவு என்பதில்லை,
கடல் என்கிறார்கள்.
அதே வாய்கள்தான் ஞாயிற்றுக்கிழமை
கோட்டுக்கு வெளியே நின்று
பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் தாயை இழுத்தன.

நானும் அங்கேதான் நின்றேன்.
வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது.
சொன்னால் சிரிப்பார்கள்.
நீலப் பேனை முடிந்து
பின்பக்கத்தைச் சிவப்பில் எழுதத் தொடங்கிய கிழமைதான்
முதல் பூச்சியம்.
நேற்று ஆஸ்பத்திரி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி
ஒரு நீலப் பேனை வாங்கினேன்.
எத்தனை டொக்டர்மார் சொல்லியும்
என் மனிசன் வெற்றிலையை விட்டதில்லை;
நான் யாரைத் திருத்த?

இன்று விடிய, நாலே முக்கால்.
மாமன்ர வள்ளத்து நண்டோடு பிறின்சன் வந்தான்.
ஒன்பதாம் இலக்கம்.
ஐந்து ஆட்டமாய் ஒன்றும் இல்லாதவன்.
கூடையைத் தராசில் வைத்துவிட்டு
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தான்.
கேட்கலாம் போல இருந்தது,
கேட்டால் அழுதுவிடுவான் போலவும் இருந்தது.
நிறையை எழுதத் திருப்பினேன்,
அவசரத்தில் பின்பக்கம் விரிந்துவிட்டது.

பார்த்துவிட்டான்.
சிவப்பில் ஐந்து பூச்சியம்,
சந்தை லைற்றில் நண்டுக்கண் மாதிரி.

பூச்சியங்களைத் தாண்டி
அவன் விரல் மேலே மேலே போனது.
'அக்கா, இது பிழை.
வைகாசி, கொழும்புத்துறையோட.
நான் மூண்டு அடிச்சனான்.
ரெண்டு எண்டு போட்டிருக்கிறியள்.'

மூன்றாவது
அவங்கட பின்வரிசைக்காரனின் முழங்காலில் பட்டுப் போனது.
றெவ்றியும் அப்படித்தான் எழுதினார்.
கம்பத்துக்குப் பின்னால் நின்ற எனக்கு
முழங்காலில் பட்ட சத்தமே கேட்டது.

அவன் என்னைப் பார்க்கவில்லை,
அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்பக்கத்துக்கு ஓடிற்றர் வருவதில்லை.
நீலப் பேனையைத் திறந்தேன்,
இரண்டின் வாலை வெட்டி மூன்றாக்கினேன்.
'சரியோ?'
'ஓம்.'
பிறகு தராசைப் பார்த்து, தானாகவே:
'கூடைக்கு ஒண்டே கால் கழிக்கோணும், அக்கா.
ஈரக்கூடை.'

கழித்தேன்.
வெறும் கூடையோடு ஐஸ் பக்கம் போனான்,
இடது காலை
கொஞ்சம் தூக்கித் தூக்கி வைத்து.

சனிக்கு மூன்று நாள்.
இதை நான்
எந்தப் பக்கத்தில் எழுத?