முப்பத்தெட்டு மைக்ரான்

கங்கைகொண்டான் சிப்காட்டில் எனக்கு வேலை
துளை பார்ப்பது.
இல்லாத ஒன்றை எட்டு மணி நேரம் தேடி
இல்லை என்று கையெழுத்துப் போடுவது.

உருகிய பிளாஸ்டிக் குமிழாய் எழும்பும்
இரண்டு ஆள் உயரம், உள்ளே வெறும் காற்று.
உருளைகள் அதைத் தட்டையாக்கிச் சுருட்டும்.
கீழே நான், அளவுமானியோடு:
முப்பத்தெட்டு மைக்ரான். முப்பத்தெட்டு. முப்பத்தேழரை.
அந்த அரைக் குறைக்கு எங்கள் ஷிப்டில் பெயர் உண்டு:
ரீலுக்குச் சடவு.

ரீலுக்கு ஒரு பை வெட்டி நீர் நிரப்பி
முனை கட்டித் தொங்கவிடுவேன்,
அடியில் நேற்றைய தினசரி.
விடிந்து பார்த்துத் தாள் நனையாவிட்டால்
ரீல் லாரி ஏறும்.
எங்கே என்று ஆறு மாதம் கேட்கவில்லை.
அப்பளக் கம்பெனிக்கு என்று நானாக நினைத்திருந்தேன்.

ஸ்டோர் மைதீன் சேகனா சொன்னார்:
வெடிமருந்துக்கும்மா. தோட்டா உறை.
பனங்கிழங்கு மொத்தம், ரெண்டு முனையிலயும் கிளிப்பு,
உள்ளே பசை மாதிரி ஒன்னு.

வயலுக்குப் போடுகிற உப்பின் வகைதானாம்.
நீரில் கரைத்து, எண்ணெயோடு அடித்து,
பிரியாமல் பிடித்து வைக்கிறார்களாம்.
ஒட்டாது ஒட்டாது என்று ஊரே சொன்ன இரண்டை
எவனோ ஒட்ட வைத்திருக்கிறான்.
என் மாமனார் வீட்டுக்கு
அந்த ஆளை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

அப்போதும் வெடிக்காதாம்.
மாவு போல் கண்ணாடி மணிகள்,
உள்ளே ஒன்றுமில்லாதவை, கலக்கவேண்டும்.
அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான்
வெடி கால் ஊன்றுமாம்.

தாழையூத்துப் பக்கம் அப்போது எங்கள் வாடகை வீடு.
தினமும் ஒன்றே காலுக்கு
அலமாரித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
சுவரில் விரிசல், மறைக்க ஒரு காலண்டர்.
மாதம் கிழிக்கும்போதெல்லாம் அளப்பேன்:
ஒன்றரை மில்லி. ஒன்றே முக்கால்.
குவாரியை மூடச் சொல்லி கலெக்டருக்குப் போன மனுவில்
பதினோராவது பெயர் ஜெபக்கனி.
ரீல் சீட்டில் போடுகிற அதே கையெழுத்து.

மனு எங்கேயோ கிடக்கிறது.
நாங்கள் கிளம்பிவிட்டோம்.
ராஜவல்லிபுரம் தாண்டி மூன்று சென்ட்,
கூட்டுறவுக் கடன்,
மட்டப்பா போட முக்கால் இஞ்சு ஜல்லி, இரண்டு யூனிட்.

கொத்தனார் ஆவுடைநாயகம் மண்வெட்டியில்
ஜல்லியோடு வெள்ளையாய் ஒரு கிழிசல் ஏறியது.
விரல் நீளம், ஓரம் சுருண்டு.
வீசப் போனவரிடம் கொடுங்கள் என்றேன்.

கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே உருட்டினேன்.
கருவி வேண்டியிருக்கவில்லை.
எங்கள் அச்சின் உதட்டில் பழைய கீறல் ஒன்று;
ரீல் நெடுகிலும் மயிரிழைக் கோடு விழும்.
இதிலும் இருந்தது.

ஊற்று நின்ற குழிக்குள் இறங்கியிருக்கும்.
சொட்டு நீர் உள்ளே விடாமல் கிடந்திருக்கும்,
சங்கு ஊதி, சிவப்புக் கொடிக்காரர்
ரோட்டில் ஒரு பைக்கையும் நாலு ஆட்டையும் மறிக்கும் வரை.
நல்ல ரீல்.
சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதுதான் முதலில் தோன்றியது:
நல்ல ரீல்.

என்னம்மா அது, என்றார்.
பை, என்றேன்.
கலவை மெஷின் அதற்கு மேல் பேச விடவில்லை.

மட்டப்பாவில் பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம்.
முட்டுப் பிரித்த அன்றும் நீர் நின்றது.
யாரும் இல்லாத நேரம் பார்த்து
தரை முழுக்கத் தினசரி விரித்துவிட்டு
இரவு ஷிப்டுக்குப் போனேன்.

மறுநாள் தூங்கி எழுந்து வந்து பார்த்தால்
வடக்கு மூலையில், ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் மேல்,
தம்ளர் அடி அளவுக்கு ஈரம்.
சிமெண்ட் பால் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்
என்கிறார் ஆவுடைநாயகம்.
குத்தவைத்து உட்கார்ந்து
அந்த வட்டத்தை ஸ்கேலால் அளந்துகொண்டிருக்கிறேன்.
மணி ஒன்றே கால் ஆகப் போகிறது.