டிசம்பருக்குச் சலாகை இல்லை

இரண்டு கோடு போதும் என்றுதான் தொடங்கினேன்.
ஒன்று படுத்திருக்கும். ஒன்று நிற்கும்.
படுத்ததில் மாதங்கள்,
நின்றதில் எண்ணிக்கை,
இரண்டும் முட்டுகிற மூலையில் பூச்சியம்.

பாடப்புத்தகம் ஐஸ்கிறீம் கேட்டது:
வனிலா விரும்புவோர் எத்தனை, சொக்லேட் எத்தனை.
அம்பிளாந்துறைக்கு அப்பால்
ஐஸ்கிறீம் வான் வருவது சடங்கு நாளில் மட்டும்.
ஆகவே நான் யானையைக் கேட்டேன்.
எத்தனை இரவு வட்டைக்குள் இறங்கியது?
மாதம் மாதமாக விசாரித்து வாருங்கள்.

மறுநாள் தரம் ஆறு சந்தையாகிக் கிடந்தது.
ஒரே யானையை மூன்று வீட்டார் எண்ணியிருந்தார்கள்.
கொம்பன் என்றால் இரண்டாகப் போடலாமா?
வெடிச்சத்தம் போதுமா, கண்ணால் காண வேணுமா?
காலடி மட்டும் கிடந்தால்?
அரை மணித்தியாலம் வழக்கு.
யானையை விட்டு இரவை எண்ணுவது என்று
ஒருவாறு தீர்ந்தது.
ஒக்டோபர் மூன்று. நவம்பர் ஐந்து.
ஜனவரி ஒன்பது.
பெப்ரவரி, கதிர் முற்றிய மாதம், பதினான்கு.
டிசம்பருக்கு ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை.
கரும்பலகையில் பூச்சியம் போட்டது நான்.

கட்டத்தாளின் உயரம் பன்னிரண்டே கட்டம்.
மிதுர்ஷனின் பெப்ரவரி தாளை விட்டு வெளியேறி,
சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கொப்பித்துண்டில்
ஏறி நின்றது.
அளவிடையை மாற்று,
ஒரு கட்டம் இரண்டு இரவு என்று வை, என்றேன்.
மாற்றினான். ஏழு கட்டத்துக்குள் அடங்கியது.
தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தான்.
“இப்பிடிக் கீறினா, கச்சேரியில ஆனை குறைஞ்சிட்டு
எண்டு நினைப்பாங்க ரீச்சர்.”
பக்கத்து எண்களை வாசிக்காதவர்கள் நினைப்பார்கள், என்றேன்.
“அவங்க வாசிப்பாங்களா?”
மணி அடித்தது. நல்ல வேளை.

தவணைப் பரீட்சைக்கும் அதே வரைபுதான்.
மூன்றாம் வினா:
யானைகள் மிகக் குறைவாக வந்த மாதம் எது?
இருபத்தாறு பேர் டிசம்பர் என்றார்கள்.
என் புள்ளித்திட்டமும் அதையே சொல்கிறது.
துஷாளினி மட்டும்
“சொல்ல ஏலாது” என்று எழுதி,
இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து:
“டிசம்பரில வெள்ளம். நாங்க எல்லாரும்
பள்ளிக்கூடத்துக்குள்ளதான் கிடந்த.
வட்டைக்க காவல் இல்ல.
ஆனை வந்திருக்கும். ஒருத்தரும் எண்ணல்ல.”

பாதை வாவியின் நடுவில் போகிறது.
ஏழு மோட்டார் சைக்கிள், இரண்டு உரமூட்டை,
மடியில் விடைத்தாள், மூடி திறந்த சிவப்புப் பேனை.
அந்த டிசம்பரில் இந்தப் பாதை ஓடவில்லை.
நான் எழுவான்கரையில், என் வீட்டில்,
மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்திருந்தேன்.
அவள் என் வகுப்பறையில்,
வரைபு தொங்குகிற அதே சுவருக்குக் கீழே
பாயை விரித்திருக்கிறாள்.
நான் போகாத இடத்துக்கு
வெண்கட்டியால் பூச்சியம் போட்டுவிட்டு
வாசியுங்கள் பிள்ளைகளே என்றிருக்கிறேன்.

அவளுக்குச் சரி போட்டேன்.
பிறகு மற்றவர்களின் தாள்களைப் புரட்டினேன்.
வெட்ட மனம் வரவில்லை.
அவர்கள் வாசித்தது என் கையெழுத்தை.
வினாத்தாளை எடுத்து
மூன்றாம் இலக்கத்தின் மேல்
நீளமாய் ஒரு பிழை கீறினேன்.
பாதை ஆடியதில் அது
நான்காம் இலக்கத்திலும் கொஞ்சம் பட்டது.

குருக்கள்மடத்துத் துறையில் முட்டியதும்
எல்லாரும் ஒரேயடியாக எழும்பினார்கள்.
இறங்கு முன் தாள்களை எண்ணினேன், விரலில் எச்சில் தொட்டு.
இருபத்தேழு.
இதையாவது நானே எண்ணினேன்.