பன்னிரண்டாவது ஆள்

பதினொரு பேர்தான்.
பன்னிரண்டு இல்லாமல் மெஷினைப் போட ஏலாது என்றான்
ரிக்கற் கிழிக்கும் நளீம்.
ஜெனரேற்றர் எண்ணெய்க் காசாவது வரவேண்டாமா.
கிண்ணியாப் பொடியன்மார் இருவர், மடியில் ஹெல்மெற்;
ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு கடற்படைக்காரன், அவன் காதலி;
பல் டொக்டர் குடும்பம், ஐந்து பேர்;
ஏசிக்குள் தூங்குவதற்கென்றே வந்த ஒருவர்;
வீட்டில் ஓவர்ரைம் என்று சொல்லிவிட்டு வந்த நான்.

கடைசியில் வாசலில் நின்ற கச்சான்காரரை
காசில்லாமல் உள்ளே இழுத்து வந்தான்.
சீனித்தம்பி அண்ணன்,
கடகமும் கையுமாக, என் பக்கத்து இருக்கையில்.
கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டது நான்தான்.

இருட்டு.
இருட்டு என்று இதுவரை நாங்கள் சொன்னதெல்லாம்
வெறும் கரண்ட் இல்லாமை என்று தெரிந்தது.

ஒரு கப்பல் வந்தது. தலைக்கு மேலால் வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
பல் டொக்டரின் கடைசிப் பிள்ளை குனிந்தது.
சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் அத்தனையையும்
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாலும்
அதன் ஒரு கதவுக்குக் காணாது.
பிறகு இரண்டு சூரியன்கள்:
ஒன்று பிளந்த மாதுளை,
மற்றது ஆடை படிந்த பால்.
அந்த மணலில் நடந்தவர்களுக்கு
ஆளுக்கு இரண்டு நிழல்.

என் வேலை தண்ணீர் மீற்றர் வாசிப்பது.
குழிக்குள் குனிந்து, சேறு துடைத்து,
ஐந்து இலக்கம் எழுதுவது.
உள்ளங்கையளவு வட்டத்துக்கு மேல்
எதையும் பார்த்துப் பழக்கமில்லாத கண்.
அதற்குள் ஒரு வால்வெள்ளி முழுதாய் நுழைந்தால்
எங்கே போய் இருக்கும்?

இடைவேளை மணி, கிரகம் வெடிக்கும் நடுவில் அடித்தது.
பாதி வெடித்ததை அந்தரத்தில் விட்டுவிட்டு
எல்லோரும் பிளேன்ரீ குடித்தோம்.
சீனித்தம்பி அண்ணன் ஏழு சுருள் விற்றார்.

பிறகு கடல்.
வேற்றுக் கடல், பச்சையாய் எரியும் கடல்.
அடிவானம் முழுவதும் எழுந்து நின்று
எங்களை நோக்கி நடந்தது.
கொழும்பில் இந்த இடத்தில் விசிலடித்திருப்பார்கள்.
இங்கே ஒருவரும் அசையவில்லை.
கடற்படைக்காரன் ஏதோ சொல்லிச் சிரித்தான்,
அவள் அவன் வாயைப் பொத்தினாள்.
சீனித்தம்பி அண்ணன்
காலடியில் இருந்த கடகத்தைத் தூக்கி
நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.
நான் திரையை விட்டு அவரைப் பார்த்தேன்.
அவர் கண்ணாடியில் இரண்டு அலைகள்,
மீற்றர் வட்டத்தைவிடச் சிறியவை.
அலை எங்களைக் கடந்து, பால்கனியைக் கடந்து,
மெஷின் அறையைக் கடந்து போன பின்னும்
அவர் கடகத்தை இறக்கவில்லை.

படம் முடிந்ததும் கேட்டார்:
"தங்கச்சி, அந்த ரெண்டாவது சூரியன் எங்க போனது?"
தெரியவில்லை.
கடைசி அரை மணித்தியாலமும் ஒன்றுதான் இருந்தது,
நானும் கவனித்தேன்.
இவ்வளவு காசைக் கொட்டிவிட்டு
ஒரு சூரியனை மறந்துபோயிருக்கிறார்கள்.
வாசலில் எனக்கொரு சுருள் தந்தார், காசு வாங்கவில்லை.
ஆறிப்போயிருந்தது.

பஸ் நிலையத்தடியில் புள்ளிமான்கள்
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன.
ஓட்டோ திரும்பியபோது
எல்லாக் கண்களும் ஒரேயடியாய்ப் பற்றின.
ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்து
"போங்கடி அங்கால" என்றான்.

மூன்றாம் நாள்தான் கண்டேன்,
கண்ணாடி என் கைப்பைக்குள், ரசீதுப் புத்தகத்தோடு.
நளீமிடம் கொடுக்கவேண்டும்.
கொடுக்குமுன், உவர்மலையில்
வெளிநாடு போனவர்களின் பூட்டிய வளவுக்குள்,
யாருமில்லை என்று பார்த்து,
மாட்டிக்கொண்டு குழிக்குள் குனிந்தேன்.
இலக்கங்கள் கொஞ்சம் இருண்டன, அவ்வளவுதான்.
ஒரு தவளை என்னைப் பார்த்தது.
சிவப்பு முள் மட்டும், மெல்ல,
ஆளில்லாத வீட்டில்
சுற்றிக்கொண்டே இருந்தது.
எங்கோ ஒழுகுகிறது.
எழுதிக்கொண்டேன்.