வரிசையின் ஓனர்

ஒத்தக்கடையில் வீடு பார்க்கப் போனபோது
என்ன வேலை என்று கேட்டார்.
ப்ராடக்ட் ஓனர் என்றேன்.
ஓனரா என்று நிமிர்ந்து உட்கார்ந்து
வாடகையில் ஐந்நூறு ஏற்றிச் சொன்னார்.

எனக்கென்று இருப்பது
ஒரு வரிசை மட்டும்.
எது முதலில், எது அப்புறம்,
எது அடுத்த மழைக்கு.

இலந்தைக்குளத்தில் மூன்றாவது மாடி.
ஆறு பேர், பதினாலு நாள்,
ஒரு வெள்ளைப் பலகை நிறைய அட்டைகள்.
மல்லிகை மண்டிகளுக்கு ஒரு செயலி.
கோடு எழுதத் தெரியாது எனக்கு.
தெரிந்தவர்கள் கேட்கும் 'எதுக்கு?'வுக்கு
பதில் சொல்லத்தான் சம்பளம்.
பிரான்மலை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பான்.
ஜெனிபா கேட்க மாட்டாள், பார்ப்பாள்.
அது இன்னும் மோசம்.

மண்டிக்காரர் சோலைராசு
சாப்பாட்டு நேரம் பார்த்து போன் போடுவார்:
திறந்ததும் ஒரு தாமரை விரியணும்,
எங்க அய்யா போட்டோ மேல வரணும்,
வெள்ளிக்கிழமை மட்டும் மணியடிக்கணும்.
ஆகட்டும், பார்க்கலாம் என்பேன்.
மதுரைக்குள் 'இல்லை'க்கு
அதைவிட மரியாதையான சொல் கிடையாது.

இருநூற்றுப் பதினாலாம் அட்டை மட்டும்
எட்டு மாதமாக அடியில் கிடந்தது.
வலையங்குளம் ஒச்சாயி சொன்னது,
என் கையெழுத்தில்:
'ஈரத்துக்குன்னு கழிக்கிறத ரசீதுல
தனியாக் காட்டு.'
ஒரு வரி. ஒன்றரை நாள் வேலை.
கழிப்பவர்தான் நமக்குக் காசு கொடுப்பவர்.
ஒவ்வொரு கூட்டத்திலும் நானே அதை
யாரும் பார்க்காமல் ரெண்டு படி இறக்குவேன்.
கேட்டால், முன்னுரிமை என்பேன்.
நல்ல சொல் அது. யார் மேலும் படாது.

தையில், கிலோ மூவாயிரம் தாண்டிய ஒரு நாள்
விடியக்காலம் நாலு மணிக்கு மாட்டுத்தாவணி போனேன்,
செயலி ஓடுகிற அழகைப் பார்க்க.
பனி. ஈரச்சாக்கு. தராசுக்குப் பக்கத்தில் ஒச்சாயி.
மூணு கிலோ நூறு என்றது தராசு.
ரெண்டு எழுநூறு என்றது என் செயலி,
பச்சை எழுத்தில்,
ஒரு பிழை இல்லாமல்.
அவள் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்,
மிச்சம் அங்கே இருக்குமோ என்பதுபோல.

என்னை அடையாளம் தெரிந்தது.
"நல்லாத்தேன் இருக்கு" என்றாள்.
"நாஞ்சொன்னது எப்பம்மா வரும்?"

திங்கட்கிழமை அந்த அட்டையைக்
கீழிருந்து உருவினேன். பசை காய்ந்திருந்தது.
செல்லோடேப் வைத்து உச்சியில் ஒட்டினேன்.
எதுக்கு, என்றான் பிரான்மலை.
நானூறு கிராம் என்றேன்.
ஜெனிபா என்னைப் பார்க்கவில்லை,
தட்டச்சு தொடங்கியிருந்தாள்.

இப்போது போன் அடிக்கிறது. சோலைராசு.
ஆகட்டும், பார்க்கலாம் என்பதை
இன்றைக்கு அவரிடம் சொல்ல முடியாது.
வேறு என்ன சொல்வது என்று
எந்த அட்டையிலும் எழுதி வைக்கவில்லை நான்.