எர்த்

பன்னிரண்டு தசம் ஆறு காட்ட வேண்டிய பெட்டரி
விடியும்போது பதினொன்று தசம் ஏழில் கிடந்தது.
காது பார்க்கும் மெஷின்
ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.
ட்ரெய்லருக்கு வெளியே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
முப்பத்தொரு பேர், செருப்பெல்லாம் சேறு.
நாளைக்கு வாங்க என்றேன்.
இந்த மலையில் அந்த ஒரு சொல்
எல்லாக் காதிலும் விழும்.

அப்புத்தளைக்கு மேலே இந்த மாதம் வெயில் வெறும் வதந்தி.
கூரையில் சோலர் தகடு
பனிமூட்டத்தை நக்கிக்கொண்டு படுத்திருக்கிறது,
ஒரு அம்பியர்கூடத் தேறவில்லை.
வேன் இழுத்து வரும்போதாவது ஏறியிருக்கலாம்.
"வெலிமடையிலருந்து இழுத்து வாரேன் மிஸ்,
ஒரு சொட்டும் ஏறல்ல," என்றார் ஜவாத் நானா.

போன கிழமை அவர் பியூஸ் இரண்டு மாற்றினார்.
பிறகு ஏழு முள் பிளக்.
பிறகு ஒரு வயர், அதற்குப் பிறகு இன்னொரு வயர்.
ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தார்.
"மீட்டர் வச்சுப் பாத்தேன், சத்தமே வரல்ல.
எல்லாம் அறுந்த வயர்."
எல்லாம் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவு எட்டு மணி. தூறல்.
வேனை ஸ்டார்ட்டில் விட்டுப் பார்த்தால்
பிளக்கில் பதின்மூன்று தசம் ஒன்பது,
பெட்டரியில் பன்னிரண்டு.
இடையில் ஏதோ ஒரு வளைவில்
இரண்டு வோல்ட் சத்தமில்லாமல் இறங்கிக்கொள்கிறது,
டிக்கட் எடுக்காத ஆளைப் போல.

எஞ்சினை நிறுத்தினோம்.
சீட்டுக்கு அடியில் அவர் கழற்றிப் போட்ட வயரை இழுத்து
இரண்டு நுனியிலும் மீட்டரை வைத்தேன்.
பீப்.
அடுத்த வயர்.
பீப்.
ஊசி குத்துவதுபோல, மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.
"பாத்தீங்களா," என்றார், "அறுந்திட்டு."

டோர்ச் வெளிச்சத்தில்
அவர் மீட்டரைப் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தார்.
எனக்கு அந்தப் பார்வை தெரியும்.
கை தூக்குவதா வேண்டாமா என்று
என் புருவத்தில் விடை தேடும் பிள்ளைகளின் பார்வை.

நான் ஒன்றும் சொல்லாமல் ட்ரெய்லருக்கு அடியில் ஊர்ந்தேன்.
முதுகில் ஈரப் புல், முழங்கையில் ஒரு அட்டை.
பெட்டரியின் கறுப்பு வயர் சட்டத்தோடு சேரும் இடத்தில்
துருவின்மேல் பெயின்ட், பெயின்டின்மேல் துரு,
அதன்மேல் ஒரு போல்ட், பிடித்திருப்பதாகப் பாவனை.
அங்கே மீட்டர் வாயே திறக்கவில்லை.
எர்த் இல்லை. அவ்வளவுதான்.
மண்ணெழுத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து,
இறுக்கி, உதட்டுக்கு வைத்திருந்த வாஸ்லினைப் பூசினேன்.
மீண்டும் எஞ்சின்.
பதின்மூன்று தசம் ஆறு.
ட்ரெய்லர் ஜன்னல் மஞ்சளாய் எழுந்தது.

"பிள்ளைகள் வர முந்தி மெஷினைச் சரிபாக்கணும் நானா,
கொஞ்சம் உக்காருங்க," என்றேன். பொய்தான்.
தொப்பியைக் கழற்றாமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டார்,
இருபத்தாறு வருடம் உருளைக்கிழங்கு லொறி ஓட்டிய காதுகளில்.
இருநூற்றைம்பதில் உடனே கை தூக்கினார்.
ஐந்நூறிலும்.
ஆயிரத்தில் கொஞ்சம் யோசித்துத் தூக்கினார், சிரித்தார்.
நாலாயிரம்.
நாற்பதில் வைத்தேன். ஐம்பது.
அறுபது.
கைகள் மடியிலேயே இருந்தன,
கண்கள் மட்டும் என் முகத்துக்கு வந்தன.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
குமிழை இன்னும் ஒரு படி திருகினேன்.
தகரத்தில் மழை.
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.